வான் செய்த பிழையா?

ஐப்பசி பிறந்து கார்முகில் திரளும் மாலையில் பெருமாநல்லூர் நால்ரோட்டில் நின்று பாருங்கள். உழவர் வானத்தை அண்ணாந்து நோக்குவார், முகம் மலரும். பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்டு முடித்து, திருப்பூர் ஓடைக்கரையிலுள்ள வீட்டுக்குத் திரும்பும் தாயும் அதே வானத்தை நோக்குவாள், முகம் வாடும். முகில் ஒன்றுதான். ஒருவருக்கு வாழ்வளிக்கும் அது, மற்றவருக்கு வதையாவது ஏன்? இதனையே இன்று உங்களுடன் எண்ணிப் பார்க்க விழைகிறோம்.

நம் பகுதி நீர்வளம் கொழிக்கும் பகுதியன்று. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் கிடக்கும் வறண்ட மண் இது. அத்திக்கடவு - அவிநாசித் திட்டம் வேண்டுமென்று அறுபது ஆண்டுகளுக்கும் மேலாகக் குரல் கொடுத்தனர் இம்மண்ணின் மக்கள். 2024 ஆகஸ்ட் 17ஆம் நாள் அத்திட்டம் திறந்து வைக்கப்பட்டது. பவானி ஆற்றில் காளிங்கராயன் அணைக்கட்டைத் தாண்டிச் செல்லும் உபரிநீரில் 1.5 டி.எம்.சி.யை இறைத்து, கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களின் 1,045 குளம் குட்டைகளுக்கு ஊட்டுவது அதன் நோக்கம். தொலைவில் ஓடும் ஆற்றின் நீரைக் கோடி கோடியாய்ச் செலவிட்டுக் குழாய் வழியே கொணர்கிறோம். வாயிலில் வந்து விழும் மழைநீரையோ, நிறுத்தி வைக்க இடமின்றி, நம்மையே அடித்துச் செல்ல விடுகிறோம்! இதனினும் பெரிய முரண்பாடு உண்டா?

2011 நவம்பர்த் தொடக்கத்தை மறந்திருக்க மாட்டீர்கள். இரவோடு இரவாகக் கொட்டிய மழையில் ஜம்மனை ஓடையும் சங்கிலிப்பள்ளமும் பெருக்கெடுத்தன. உறங்கிக் கிடந்தோர் எழுமுன்னே வீட்டுக்குள் வெள்ளம். உயிர்கள் போயின, உடைமைகள் போயின, சுவர்கள் சரிந்தன. அவ்வாண்டு சனவரியில்தான், நொய்யலை நஞ்சாக்கிய சாயக்கழிவின் காரணமாக, உயர்நீதிமன்ற ஆணைப்படி சாயப்பட்டறைகள் மூடப்பட்டிருந்தன. வேலையிழந்து வாடிய குடும்பங்கள் அந்த அடியிலிருந்து தேறுமுன்னரே இந்த அடியும் விழுந்தது.

'இயற்கையின் சீற்றம், எவர் என்ன செய்ய இயலும்?' என்கின்றனர் சிலர். மழை பெய்வது இயற்கை, மறுப்பாரில்லை. ஆனால், ஓடைக்குள் சுற்றுச்சுவர் எழுப்பியது இயற்கையா? பாலத்தின் கண்களைக் கட்டிங் வேஸ்டாலும் பிளாஸ்டிக் பைகளாலும் அடைத்தது இயற்கையா? குளத்தைத் தூர்த்து மனையாக்கி விற்றது வானமா?

நம் முன்னோர் வகுத்த வழியை நோக்குங்கள். வெள்ளியங்கிரி மலைச்சாரலில் பிறந்து கரூர் மாவட்டத்தில் காவிரியில் கலக்கும் நொய்யலில், அணைக்கட்டுகளை வரிசையாக நிறுத்தி, வெள்ளத்தை வாய்க்கால்களில் திருப்பிக் குளங்களில் நிரப்பினர். மேற்குளம் நிறைந்தால் மறுகால் பாய்ந்து கீழ்க்குளம் நிறையும். வெள்ளத்தின் வேகம் தணியும்; கோடையிலும் கிணறு ஊறும். அன்னூர்ப் பக்கமிருந்து அவிநாசி வழியாக வரும் நல்லாற்றின் நீரைத் தாங்கி நிற்கும் நஞ்சராயன் குளம் இன்றும் அதற்குச் சான்று. 2024இல் அது ராம்சர் ஈரநிலமாக ஏற்கப்பட்டது. பறவைகளுக்குப் புகலிடம் என்று உலகம் அதனைப் பாராட்டுகிறது; வெள்ளத்திற்கும் அது புகலிடம் என்பதை நாம் மறத்தல் ஆகாது.

வெள்ளத்தின் இழப்பு அனைவருக்கும் ஒன்றெனக் கருதிவிடாதீர்கள். நூலும் துணியும் நனைந்த முதலாளிக்கு இழப்பு உண்டு, காப்பீடும் இருக்கலாம். பீஸ் ரேட்டில் தைப்பவருக்கோ, மிஷின் ஓடாத நாள் அடுப்பெரியாத நாள். பிகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து தகரக் கொட்டகையில் தங்கியிருக்கும் தொழிலாளிக்குக் குடும்ப அட்டையும் இங்கில்லை. தமிழில் ஒலிக்கும் எச்சரிக்கையும் புரிவதில்லை. நிவாரணப் பட்டியலில் அவர் பெயரை எவர் எழுதுவார்?

'ஆக்கிரமிப்பை அகற்றுக!' என்ற முழக்கம் ஒவ்வொரு வெள்ளத்திற்குப் பின்னும் எழுகிறது. ஏரிகளைக் காக்கவும் ஆக்கிரமிப்புகளை அகற்றவும் 2007இலேயே தமிழ்நாட்டில் சட்டம் இயற்றப்பட்டது. சட்டம் செல்லட்டும், தடையில்லை. ஆனால், அது முதலில் எந்த வாயிலைத் தட்டுகிறது என்பதே நம் கேள்வி. ஓலைக் குடிசையை ஒரே நாளில் பெயர்க்கும் கை, ஓடையை வளைத்த மாடிக் கட்டடத்தின் முன் ஆண்டுக்கணக்கில் தயங்குமானால், அது நீதியாகாது. ஓடைக்கரை ஏழை ஆசையால் அங்குக் குடியேறியவரல்லர். வாங்கும் கூலிக்கு வேறிடத்தில் வாடகை தர இயலாததால் குடியேறியவர். அவரைக் கரையிலிருந்து எழுப்புவது அவர் உயிரைக் காக்கவே என்றால், வேலைக்கு நடந்து செல்லும் தொலைவில் வீடு தந்த பின்னரே எழுப்புதல் வேண்டும். கல் தொலைவுக்கு அப்பால் கொண்டுபோய்க் குடியமர்த்தினால், பேருந்துக் கட்டணமே கூலியை விழுங்கும். அவர் மீண்டும் ஓடைக்கரைக்கே திரும்புவார்.

அதிகாரிகள் செய்யட்டும் என்று நாம் வாளாவிருக்கலாமா? 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம், மாவட்ட ஆணையத்திற்கு ஆட்சியரைத் தலைவராக்கியதோடு நில்லாமல், உள்ளாட்சியில் மக்கள் தேர்ந்தெடுத்தவரை இணைத்தலைவராகவும் ஆக்கியிருக்கிறது. எனவே, கேட்கும் உரிமை நமக்குண்டு. கேட்க வேண்டிய கடமையும் உண்டு.

ஆடி முடியுமுன் ஒவ்வொரு கிளையும் தன் ஊரின் ஓடையை ஒருமுறை தலை முதல் கடை வரை நடந்து பார்க்கட்டும். புல வரைபடத்தைக் கையில் எடுத்துச் செல்லுங்கள். வரைபடத்தில் ஓடை எவ்வளவு அகலம், தரையில் எவ்வளவு அகலம் என்று அளந்து எழுதுங்கள். அடைபட்ட பாலங்களைக் குறியுங்கள். கிராம சபையில் அதனைப் படித்துத் தீர்மானமாக்குங்கள். கரையோரக் குடும்பங்களில் முதியோர் எத்தனை பேர், நடக்க இயலாதோர் எத்தனை பேர், வெளிமாநிலத்தார் எத்தனை பேர் என்று பட்டியல் எடுங்கள். எந்தப் பள்ளிக்கூடத்தில் தங்குவது, அதன் திறவுகோல் எவரிடம் இருக்கிறது என்பதையும் முன்கூட்டியே அறிந்து வையுங்கள்.

வெள்ளம் வடிந்தபின் சோற்றுப் பொட்டலம் வழங்குவது நற்பணிதான். அதில் நம் தோழர்கள் என்றும் பின்தங்கியதில்லை. பொட்டலமே தேவைப்படாத ஊரை உருவாக்குவது அதனினும் பெரும்பணி. அடுத்த ஐப்பசி மாலையில், உழவரின் முகம் போலவே அந்தத் தாயின் முகமும் மலர்ந்திருக்க வேண்டும். அதற்கான முதல் அடியை இந்த ஞாயிறே எடுத்து வையுங்கள்; ஓடைக்கரைக்குச் செல்லுங்கள், தோழர்களே!