லாரிக்குப் போகும் கிணற்று நீர்

கோடை வந்தால் தாம்பரம், முடிச்சூர் வட்டாரத்தில் தண்ணீர் லாரிகள் விவசாயக் கிணறுகளைத் தேடி வருகின்றன. 2019இல் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டபோது அவற்றுக்கு இருந்த கிராக்கியை யாரும் மறந்திருக்கமாட்டார்கள். பயிரில் நஷ்டம் கண்ட விவசாயி, கைக்கு வரும் காசை வேண்டாமென்றா சொல்வார்?

"நெல்லுக்கு இதைவிட அதிகம் செலவாகிறதே" என்கிறார்கள். கணக்கு சரிதான். ஓர் ஏக்கரில் 5 செ.மீ. உயரம் தண்ணீர் கட்ட 2 லட்சம் லிட்டர் வேண்டும். 12,000 லிட்டர் லாரியில் அது சுமார் 17 நடை. ஆனால் வயலில் கட்டியதில் ஒரு பங்கு மண்ணில் இறங்கி மீண்டும் நிலத்தடிக்கே சேரும். அறுவடையோடு இறைப்பும் நிற்கும். லாரியில் போனது திரும்பாது, லாரிக்கு அறுவடைக் காலமும் கிடையாது. நம்முடையதோ பாறைப் பூமி. மேல்மண்ணிலும் பாறை வெடிப்பிலும்தான் நீர் தங்குகிறது. ஒருவர் ஆழ்குழாயில் நீர்மூழ்கி மோட்டாரை இறக்கி இரவு பகலாக ஓட்டினால், பக்கத்துக்காரரின் திறந்த கிணறு வற்றுகிறது.

அறிவிக்கப்பட்ட கிராமங்களில் லாரியில் நிலத்தடி நீர் ஏற்றிச் செல்ல 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதி வேண்டும். பயிருக்கென்று தரும் இலவச மின்சாரத்தில் இறைத்து விற்பதும் முறையல்ல. அதிகாரி வந்து சொல்லட்டும் என்று இருக்க வேண்டாம். அனுமதி பெற்று விற்பவரும் தினமும் காலையில், மோட்டார் போடுமுன், கயிற்றில் கல் கட்டி மட்டம் பார்க்கலாம். நேற்றைய மட்டத்துக்கு ஊறவில்லையென்றால் அன்று லாரியைத் திருப்பி அனுப்புவதே பக்கத்துக்காரருக்குச் செய்யும் நியாயம்.