சவத்தை விடும் ஓய்!

தக்கலைப் பக்கத்துச் சாயாக்கடையில் ஒருவன் வேண்டாத பேச்சை எடுத்து வம்புக்கு இழுத்தால், அனுபவப்பட்ட பெரியவர் எதிர்வாதம் செய்யமாட்டார். "சவத்தை விடும் ஓய்!" என்று பக்கத்திலிருப்பவரிடம் சொல்லிவிட்டுப் பத்திரிகையைப் புரட்டுவார். (வெளியூர் வாசகர்கள் பயப்பட வேண்டாம். அவர் விடச் சொல்வது பேச்சைத்தான்!) கேட்க ஆளில்லாத வம்பு, சாயா ஆறுவதற்குள் அடங்கிவிடும்.

இன்று வம்பு கைப்பேசிக்குள் குடியேறிவிட்டது. அங்கே இந்தப் பழைய வைத்தியம் பலிக்குமா?

பலிக்க விடாமல் செய்வது யந்திரத்தின் கணக்கு. பேஸ்புக் நிறுவனம் 2017-ல் ரகசியமாக ஓர் ஏற்பாடு செய்திருந்தது. ஒரு பதிவுக்கு 'விருப்பம்' தெரிவித்தால் ஒரு மதிப்பெண். கோப முகம் போட்டால் ஐந்து. மதிப்பெண் ஏற ஏற, அப்பதிவு மேலும் பலர் கண்ணில் படும். அவதூறைப் படித்து மனம் கொதித்துக் கோப முகம் போட்ட நல்லவர், அவதூறுக்காரனுக்குத் தம் கையாலேயே ஐந்து பங்கு கூலி கொடுத்தார்! 2020 செப்டம்பரில்தான் கோபத்தின் மதிப்பெண் பூஜ்யமாக்கப்பட்டது. நிறுவனத்தின் தஸ்தாவேஜுகள் 2021-ல் வெளியானபோதே இந்தச் சங்கதி உலகுக்குத் தெரிந்தது. கோப முகத்தின் மதிப்பெண் போனாலும், "பாருங்கள் இந்த அக்கிரமத்தை" என்று நாலு பேருக்கு அனுப்பும் பழக்கம் போகவில்லை. அதுவும் விளம்பரமே அல்லவா?

நியூசிலாந்தில் 2019 மார்ச் 15 அன்று கிறைஸ்ட்சர்ச் மசூதிகளில் 51 உயிர்களைப் பறித்தவன், அந்தக் கொடுமையைப் பேஸ்புக்கில் நேரடியாகக் காட்டினான். அவன் தேடியது பிரபலம். அவன் பெயரை உச்சரிக்கவே மாட்டேன் என்று பிரதமர் ஜெசிந்தா ஆர்டெர்ன் பாராளுமன்றத்தில் அறிவித்தார்.

ஆனால் எல்லாவற்றுக்கும் மௌனம் மருந்தாகாது. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, கோவிலுக்கு வந்த ஒரு மூதாட்டியைப் பிள்ளை பிடிப்பவர் என்று எண்ணி ஜனங்கள் அடித்தே கொன்றார்கள். வாட்ஸ்அப்பில் பரவிய வதந்தியே காரணம். தக்கலைக்காரர்களுக்கு இது தூரத்துச் செய்தியாகப் படாது. தெற்கே மண்டைக்காட்டில் 1982-ல் கலவரம் மூண்டபோது கைப்பேசி ஏது? வாய்வார்த்தையாகவே வதந்தி ஊர் ஊராக ஓடிற்று.

ஆகவே தனி மனிதரை ஏசி வம்பு வளர்ப்பவனுக்குப் பதிலே வேண்டாம். வதந்திக்கு வேண்டும், அதைக் கிளப்பியவனுக்கல்ல, கேட்டுப் பயந்துபோன பக்கத்து வீட்டாருக்கு, நேரில். மிரட்டலோ மதத்துவேஷமோ வந்தால் அதைப் படம் பிடித்து வைத்துக்கொண்டு, ஒரு வரிகூடப் பதில் எழுதாமல் சைபர் கிரைம் போலீசில் கொடுத்துவிடலாம்.