1927: ஸ்கோரும் செக்ரோலும்



கண்டியிலிருந்து மகியங்கனை பஸ்ஸில் தெல்தெனிய தாண்டி ஏறினால் ஹுன்னஸ்கிரிய. மீமுரைக்குப் போகிறவர்கள் இங்கேதான் பாதை மாறுவார்கள். இந்த மலைப்பக்கத் தோட்டங்களில் நம் பூட்டிமார் கொழுந்து பறித்த காலத்தில், நாடு எதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது? இந்த இதழுக்காக 1927ஆம் ஆண்டை எடுத்துக்கொண்டோம்.

பத்திரிகை படிப்பவர்களுக்கு அது அமர்க்களமான ஆண்டு. ஆர்தர் கில்லிகன் தலைமையில் இங்கிலாந்தின் எம்.சி.சி. கிரிக்கெட் அணி இலங்கைக்கு வந்து ஆடியது. முந்தைய ஆண்டுக் கடைசியில் பம்பாயில் சி.கே. நாயுடு 11 சிக்சர்களோடு 153 ஓட்டம் எடுத்து மிரட்டினாரே, அதே அணிதான். கொழும்புத் துறைமுகத்தில் ஏ.ஈ. குணசிங்கவின் தொழிற்சங்கம் வேலைநிறுத்தம் செய்தது. நவம்பரில் கதர் நிதி திரட்டக் காந்தி வந்தார். கஸ்தூர்பாவும் ராஜாஜியும் உடன் வந்தார்கள். காந்தி கண்டியிலும் பேசினார். அதே மாதம் அரசியல் சீர்திருத்தத்தை ஆராய டொனமூர் ஆணைக்குழுவும் வந்திறங்கியது.

கிரிக்கெட்டில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. பூச்சியத்துக்கு அவுட்டானவர் பெயரும் மறுநாள் பேப்பரில் வந்துவிடும். நம்மவர்கள் பெயரோ தோட்டத்து வரவுப் பதிவேடான செக்ரோலில் மட்டும்தான்.

குறைந்தபட்சக் கூலிக்கான சட்டமும் 1927இல்தான் வந்தது. 1929இல் அது நடைமுறைக்கு வந்தபோது மலைநாட்டுத் தோட்டங்களில் ஆணுக்கு நாட்கூலி 54 சதம், பெண்ணுக்கு 43. கொழுந்து பறிப்பதோ பெரும்பாலும் பெண்கள். அந்த 11 சதத்தை எந்தத் துரை, எந்தக் கணக்கில் கழித்தாரோ!

டொனமூர் ஆணைக்குழுவிடம் ஆளுக்கொரு கோரிக்கை. கண்டியத் தேசிய சபை சமஷ்டி கேட்டது. படித்த தலைவர்களில் பலர், பொன்னம்பலம் இராமநாதன் உட்பட, எல்லோருக்கும் வாக்கு என்பதை ஏற்கவில்லை. 1927 டிசம்பரில் உருவான பெண்கள் வாக்குரிமைச் சங்கத்தின் சார்பில் ஆக்னஸ் டி சில்வா சாட்சியம் சொல்லப் போனார். தோட்டத்தில் வேலை செய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்கு வேண்டுமா என்று டொனமூர் பிரபு கேட்டார். வேண்டும், அவர்களும் பெண்கள்தானே என்று பதில் வந்தது. எனக்கு நாயுடுவின் சிக்சர்களைவிட இந்தப் பதில்தான் பெரிது. லயத்துப் பெண்ணுக்காக அப்படி ஒரு சபையில் வாய் திறந்தவர்கள் மிகக் குறைவு.

1931இல் 21 வயதான ஆண், பெண் இருபாலாருக்கும் வாக்குரிமை வந்தது. இந்திய வம்சாவளியினருக்கோ வசிப்பிட நிபந்தனைகள் தடையாக நின்றன. அப்படியிருந்தும் ஹட்டன் தொகுதியிலிருந்து பெரி சுந்தரம் அரசாங்க சபைக்குப் போய்த் தொழில் அமைச்சரானார். 1948, 1949ஆம் ஆண்டுச் சட்டங்கள் குடியுரிமையையும் வாக்கையும் பறித்த கதையை அடுத்த இதழில் எழுதுகிறோம்.

அதற்கு உங்கள் உதவி வேண்டும். வீட்டுத் தகரப் பெட்டியில் பழைய துண்டுச் சீட்டு, பற்றுச்சீட்டு, பிறப்புச் சான்று ஏதாவது கிடந்தால் போட்டோ எடுத்து அனுப்புங்கள். அசல் உங்களிடமே இருக்கட்டும். எந்தத் தோட்டம், எந்த டிவிஷன் என்பதை மறக்காமல் எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்