‘இதுவரை ஒன்றும் ஆனதில்லை’



அண்மைக் காலமாக நம் பெற்றோருள் சிலர் தம் பிள்ளைகளைக் குதிரையேற்ற வகுப்புகளுக்கு அனுப்பத் தொடங்கியுள்ளனர். பள்ளி விடுமுறை முகாம்களிலும் குதிரைச் சவாரி இடம்பெறுகின்றது. இது வரவேற்கத்தக்க மாற்றமே. 2008-ஆம் ஆண்டில் உலகத் தாங்குதிறன் குதிரையோட்டப் போட்டியே நம் திரங்கானு மாநிலத்தில் நடைபெற்றது. அரண்மனைக்கும் செல்வர்க்கும் மட்டுமே உரியது என்று கருதப்பட்ட ஒரு விளையாட்டில் நம் பிள்ளைகளும் ஈடுபடுவது எனக்கு மகிழ்ச்சியையே தருகின்றது. ஆயினும், அவர்கள் அமரும் சேணத்தை யார் சோதித்தார், எப்பொழுது சோதித்தார் என்று கேட்கும் வழக்கம் நம்மிடையே இல்லை. அவ்வழக்கம் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சேணம், கலனை, கடிவாளம், அங்கவடி, லாடம் என்று குதிரைக் கருவிகளுக்குத் தமிழில் சொற்களுக்குப் பஞ்சமில்லை. கடல் கடந்து வந்திறங்கிய குதிரைகளைப் பட்டினப்பாலை குறிப்பிடுகின்றது. ஆனால், இன்றைய மாணவனுக்குக் கடிவாளம் என்பது ‘ஆசைக்குக் கடிவாளம்’ என்னும் உவமையாக மட்டுமே அறிமுகம். பெயர் தெரியாத பொருளில் பழுது வந்தால் அதை எடுத்துச் சொல்லவும் தெரியாது. ஆதலால், பிள்ளைகள் முதலில் கருவிகளின் பெயர்களை அறியட்டும்.

இனி, கருவிகள் எவ்வாறு பழுதடைகின்றன என்று பார்ப்போம்.

சேணத்தைக் குதிரையின் முதுகில் நிறுத்தி வைப்பது வயிற்றைச் சுற்றிக் கட்டும் ஓர் அகன்ற வார். அது சேணத்தின் பக்க மடிப்புக்கு அடியில் தொங்கும் சிறு வார்களில் கொக்கியால் மாட்டப்படுகின்றது. சவாரி செய்பவர் கண்ணுக்கு அச்சிறு வார்கள் தெரிவதில்லை. மேலே சேணம் பளபளவென்று துடைக்கப்பட்டிருக்கும். உள்ளேயோ வியர்வையின் உப்பும் ஈரமும் ஊறித் தையல் நூல் இற்றுக் கொண்டிருக்கும். நம்முடையதைப் போன்ற வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த நாட்டில், காற்றோட்டமில்லாத அறையில் தோலைத் தொங்கவிட்டால் சில நாள்களிலேயே பூஞ்சை படர்ந்துவிடும். வெயிலில் காய வைத்தால் தோல் வறண்டு வெடிக்கும். துடைத்து, சேணத்திற்குரிய சவர்க்காரம் பூசி, அளவாக எண்ணெயிட்டுப் பேணினால் மட்டுமே அது பல்லாண்டு உழைக்கும். பெரும்பாலும் தோல் அறுவதற்கு முன்பே தையல் விட்டுவிடும். வாரை இரு விரல்களால் மடித்துப் பார்த்தால் வெடிப்புகள் தெரியும். தையலை நகத்தால் நெருடினால் இற்ற நூல் தெரியும். கொக்கி மாட்டும் துளைகள் நீண்டு கிழியத் தொடங்கியிருந்தாலும் அது எச்சரிக்கையே. இச்சோதனைக்கு ஐந்து நிமிடம் போதும், செலவு ஏதுமில்லை.

வார் புதியதாகவே இருந்தாலும் கவனம் தேவை. வாரை இறுக்கும்பொழுது பல குதிரைகள் உடலை உப்பிக்கொள்ளும். சிறிது தூரம் நடந்தபின் உப்பல் தணிய, இறுக்கமாயிருந்த வார் தளர்ந்துபோகும். ஆதலால்தான் ஏறுவதற்கு முன்பு ஒரு முறையும், ஏறிச் சில நிமிடங்கள் நடந்தபின் மற்றொரு முறையும் வாரைச் சரிபார்க்க வேண்டும் என்று நல்ல பயிற்றுநர்கள் வற்புறுத்துவர். இரண்டாம் சோதனையைத் தவிர்த்தால் சேணம் பக்கவாட்டில் சரியும். பிள்ளை குதிரையின் வயிற்றுப் பக்கம் தொங்கும் நிலை ஏற்படலாம்.

அடுத்தது அங்கவடி. கீழே விழுவதைவிடக் கொடியது, விழுந்தபின் கால் அங்கவடியில் சிக்கிக் குதிரையால் இழுத்துச் செல்லப்படுவது. இதனைத் தடுக்கவே குதிகால் உள்ள காலணி கட்டாயம் என்கிறார்கள். குதிகால் இல்லாத விளையாட்டுக் காலணி அணிந்தால் பாதம் முழுவதும் வளையத்தைத் தாண்டி உள்ளே நுழைந்துவிடும். அங்கவடியின் அகலமும் காலணியைவிட ஏறக்குறைய ஓர் அங்குலம் கூடுதலாக இருத்தல் வேண்டும். மிகக் குறுகினால் கால் இறுகிக்கொள்ளும். மிக அகன்றால் பாதம் நழுவிவிடும். பெரியவர்களின் அங்கவடியில் எட்டு வயதுப் பிள்ளையின் காலை வைப்பது எத்தகைய இடர் என்று இப்போது புரியும். சிறார்க்கென்றே ஒரு பக்கம் இரும்புக்குப் பதிலாக இரப்பர் வளையம் பொருத்திய அங்கவடிகள் உள்ளன. விழும்பொழுது அவ்வளையம் கழன்று காலை விடுவிக்கும். ஆனால், இரப்பரும் காலப்போக்கில் வெடித்துப்போகும் பொருளே; அதையும் மாற்ற வேண்டும்.

சேணம் குதிரைக்குப் பொருந்துவதும் பாதுகாப்பின் ஒரு பகுதியே. உள்பஞ்சு கட்டிபட்டு முதுகெலும்பை அழுத்தினால் குதிரை வலி தாளாமல் துள்ளும். நாமோ அதற்கு ‘முரட்டுக் குதிரை’ என்று பெயர் சூட்டிவிடுகிறோம். வாயில்லாச் சீவன் தன் வலியை வேறெப்படிச் சொல்லும்?

இனித் தலைக்கவசத்தைப் பற்றிப் பார்ப்போம். இங்கே வரலாறு நமக்குச் சில பாடங்களை வைத்திருக்கின்றது. 2010-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அமெரிக்காவைப் பிரதிநிதித்த கோர்ட்னி கிங்-டை பயிற்சியின்போது விழுந்தார். குதிரை முரண்டு பிடிக்கவில்லை. கால் இடறி விழுந்தது, அவ்வளவே. தலைக்கவசம் அணியாத அவருடைய மண்டையோடு உடைந்தது. பல வாரங்கள் நினைவின்றிக் கிடந்தார். அதன்பின் தலைக்கவசம் வேண்டும் என்னும் இயக்கம் வலுப்பெற்றது. ஆயினும், உயர்நிலை நடைப்பயிற்சிப் போட்டிகளில் நெடுங்காலமாக அணிந்துவந்த உயர்ந்த கறுப்புத் தொப்பியை முற்றாகக் கைவிட்டு, அனைத்துலகக் குதிரையேற்றச் சம்மேளனம் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கியது 2021-ஆம் ஆண்டு சனவரி முதல் நாளில்தான். ஓர் ஒலிம்பிக் வீராங்கனையின் விபத்துக்குப் பிறகும் மரபு விட்டுக்கொடுக்கப் பத்தாண்டுக்கு மேல் ஆனது!

கவசம் அணிந்தால் எல்லாம் நலமா? அதுவும் இல்லை. ‘சூப்பர்மேன்’ நடிகர் கிறிஸ்டோபர் ரீவ் 1995 மே 27-இல் வெர்ஜீனியாவில் நடந்த தாண்டற் போட்டியில் விழுந்தபோது தலைக்கவசமும் மார்புக்கவசமும் அணிந்தே இருந்தார். குதிரை மூன்றாம் தடையின் முன் சட்டென நின்றது; கைகள் கடிவாளத்தில் சிக்கிக்கொள்ள, ஊன்றித் தடுக்க இயலாமல் தலைகீழாக விழுந்தார். மூளை பிழைத்தது, கழுத்தெலும்பு முறிந்தது. 2004-இல் மறையும்வரை கழுத்துக்குக் கீழ் செயலிழந்தே வாழ்ந்தார். கருவி எல்லா ஆபத்தையும் நீக்காது. தவிர்க்கக்கூடிய ஆபத்தைத் தவிர்க்கும். அந்த அளவையாவது நாம் முழுமையாகச் செய்ய வேண்டாவா?

தலைக்கவசத்திலும் பொருத்தமே முதன்மை. முகவாய் வாரைக் கட்டாத கவசம், கவசமே அன்று. பலத்த அடி பட்ட கவசத்தை வெளியே கீறல் தெரியாவிட்டாலும் மாற்ற வேண்டும். உள்ளிருக்கும் நுரைப்பொருள் ஒரு முறை நசுங்கினால் மீண்டும் அதிர்ச்சியைத் தாங்காது. அடி படாவிட்டாலும் ஏறக்குறைய ஐந்தாண்டுகளில் மாற்றும்படி உற்பத்தியாளர்கள் அறிவுறுத்துகின்றனர். மிதிவண்டிக் கவசம் இதற்கு ஈடாகாது. குதிரையேற்றத்திற்கென்றே ஏஎஸ்டிஎம் எஃப்1163, பாஸ் 015 போன்ற தர அளவைகள் உள்ளன. அவற்றின் முத்திரை கவசத்தின் உட்புறத்தில் இருக்கும்.

சென்ற ஆண்டு விடுமுறையில் மாணவர்களுடன் ஓரிடத்திற்குச் சென்றிருந்தேன். இடத்தின் பெயர் வேண்டா. எல்லா வயதினர்க்கும் ஒரே அளவுக் கவசம். ஒரு மாணவி தலையசைத்தால் கவசம் கண்ணை மறைத்தது. பொறுப்பாளரிடம் கூறினேன். “டீச்சர், பத்து வருசமா இப்படித்தான் நடத்துறோம். இதுவரைக்கும் ஒன்னும் ஆனதில்ல,” என்றார் சிரித்தபடி. பொருத்தமான கவசம் கிடைக்கும்வரை அம்மாணவியை ஏற்ற இயலாது என்று நின்றுவிட்டேன். அன்று அவள் குதிரைக்குப் புல் மட்டுமே ஊட்டினாள்.

‘இதுவரை ஒன்றும் ஆனதில்லை’ என்னும் இவ்வொரு வாக்கியத்தை எண்ணிப் பாருங்கள். இற்றுக்கொண்டிருக்கும் வாரும் அறும் நாள்வரை அறாத வார்தான். பத்தாண்டு அறவில்லை என்பது அது வலுவானது என்பதற்குச் சான்றாகாது. பத்தாண்டு பழையது என்பதற்கே சான்று.

“இவ்வளவு பார்த்தால் பிள்ளை எதையும் கற்காது” என்பார் சிலர். அச்சத்தை ஊட்டுவது என் நோக்கமன்று. உடற்கல்விப் பாடத்திற்கு முன் மெத்தையையும் கட்டையையும் சோதித்த பின்னரே மாணவரை அழைக்க வேண்டும் என்று ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் எங்களுக்குக் கற்பித்தனர். அதனால் எந்த மாணவனும் குதிப்பதை நிறுத்திவிடவில்லை. தாங்குதிறன் ஓட்டத்திலும் ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் கால்நடை மருத்துவர் குதிரையைச் சோதிக்கிறார். தேறாத குதிரை அத்துடன் நிறுத்தப்படுகின்றது. குதிரைக்குக் காட்டும் அக்கறையை அதன்மேல் அமரும் பிள்ளைக்கும் காட்டுக என்பதே என் வேண்டுகோள்.

பெற்றோரும் பொறுப்பாசிரியர்களும் பணம் கட்டுவதற்கு முன் இவற்றைக் கேளுங்கள்:

1. சேண வார்களையும் தையலையும் யார், எத்தனை நாளுக்கு ஒரு முறை சோதிக்கிறார்? பதிவேடு உண்டா?
2. பிள்ளையின் தலைக்கு அளவான, தர முத்திரையுள்ள கவசம் இருக்கின்றதா? எப்போது வாங்கியது?
3. சிறார்க்குரிய அங்கவடி உள்ளதா? காலணி பற்றி முன்கூட்டியே அறிவிப்பார்களா?
4. ஏறிய பின் வாரை மீண்டும் சரிபார்ப்பார்களா?

இவற்றுக்கு முகம் கோணாமல் விடை தருபவரிடம் பிள்ளையை நம்பி ஒப்படைக்கலாம். சினம் கொள்பவரிடமிருந்து அமைதியாக விலகி வாருங்கள். இன்னொன்று: ஒளிப்படத்தில் முகம் தெரியவில்லை என்று குதிரைமேல் இருக்கும் பிள்ளையின் கவசத்தைக் கழற்றச் சொல்லாதீர்கள். படத்தை இறங்கிய பின்னும் எடுக்கலாம்.

சிந்திப்போம், கேட்கப் பழகுவோம்.