சட்டம் கொடுக்கிறது, ஒப்பந்தம் பிடுங்குகிறது

ஆண்டு விழாவை யூடியூபில் நேரலையாகப் போடும் பள்ளிகளுக்கு இது பழகிப்போன சங்கதி. மேடையில் பிள்ளைகள் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். காணொளியில் பாட்டுச் சத்தம் மட்டும் போய்விடுகிறது. சில நேரம் மறுநாள் காணொளியே இருப்பதில்லை. "கேஸ் கீஸ் வந்துடுமா சார்?" என்று தலைமையாசிரியர் கணினி ஆசிரியரிடம் கேட்கிறார். மேடையில் அந்தப் பாட்டை ஒலிக்கவிட்டதில் தவறே இல்லை. ஆசிரியர், மாணவர், பெற்றோர், பள்ளியோடு தொடர்புடையவர்கள் மட்டும் பார்வையாளர்களாக இருக்கும்வரை, பள்ளி நிகழ்ச்சியில் ஒலிப்பதிவையும் திரைப்படத்தையும் பயன்படுத்த 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆவது பிரிவு இடம் கொடுக்கிறது. யூடியூபில் ஊருக்கே திறந்துவிட்டால் அந்த விலக்கு பொருந்தாது, சரி. ஆனால் பெற்றோருக்கு மட்டும் இணைப்பை அனுப்பினாலும் அங்குள்ள நிரல் பாட்டை அடையாளம் கண்டு வாயை அடைத்துவிடும். அது நம் நாட்டுச் சட்டத்தைப் படித்துவிட்டு வேலை செய்வதில்லை.

பதிப்புரிமை பற்றிய நம் பயம் தப்பான இடத்தில் குடியிருக்கிறது. சட்டம் தடுக்காத இடத்தில் கைகட்டி நிற்கிறோம். சட்டம் கொடுத்ததைச் செயலியின் 'ஏற்கிறேன்' பொத்தானை அழுத்திப் பறிகொடுக்கும்போது எதையும் படித்துப் பார்ப்பதில்லை.

சட்டம் எவ்வளவு கொடுத்திருக்கிறது என்பதற்கு டெல்லிப் பல்கலைக்கழக வழக்கைவிட நல்ல பாடம் கிடையாது. டெல்லி பொருளியல் பள்ளி வளாகத்தில் ராமேஸ்வரி என்றொரு ஜெராக்ஸ் கடை. பாடத்திட்டத்தில் உள்ள நூல்களின் பகுதிகளைத் தொகுத்து நகலெடுத்து மாணவர்களுக்கு விற்றது. ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் பிரான்சிஸ் ஆகிய மூன்று பதிப்பகங்கள் 2012இல் கடை மீதும் பல்கலைக்கழகத்தின் மீதும் வழக்குப் போட்டன. அந்தத் தொகுப்புகளில் இடம்பெற்ற நூல்களின் ஆசிரியர்கள் பலரே மாணவர்கள் பக்கம் நின்றார்கள். 2016 செப்டம்பர் 16 அன்று நீதிபதி ராஜீவ் சஹாய் எண்ட்லா வழக்கைத் தள்ளுபடி செய்தார். ஆசிரியரோ மாணவரோ கற்பித்தலின் போக்கில் ஒரு படைப்பை நகலெடுப்பது உரிமை மீறல் ஆகாது என்று சட்டம் சொல்கிறது. அந்தப் 'போக்கு' பாடவேளை மணி அடிக்கும்போது தொடங்கி முடிவதல்ல, பாடத்திட்டம் வகுப்பதிலிருந்தே தொடங்குகிறது என்று அவர் விளக்கினார்.

அதே ஆண்டு டிசம்பரில் மேல்முறையீட்டு அமர்வும் அடிப்படையில் இதை ஏற்றது. இத்தனை பக்கம்தான் என்ற கணக்கு இல்லை, கற்பிக்கும் நோக்கத்துக்குத் தேவையா என்பதுதான் அளவுகோல் என்றது. சில கேள்விகளை மட்டும் விசாரணைக்குத் திருப்பி அனுப்பியது. முழு நூலையே நகலெடுக்கலாமா என்பது அவற்றில் ஒன்று. 2017 மார்ச்சில் பதிப்பகங்கள் வழக்கையே விலக்கிக்கொண்டதால் அதற்கு விடை வராமலே போனது. ஆகவே "கோர்ட்டே சொல்லிவிட்டது, எதையும் எடுக்கலாம்" என்று முழுப் புத்தகத்தையும் ஸ்கேன் செய்து டெலிகிராமில் போடுவோர் இந்தத் தீர்ப்பைத் துணைக்கு அழைக்க முடியாது. ஐந்நூறு படி அச்சடித்து, விற்று முடிக்க ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் தமிழ்ப் பதிப்பாளரின் புத்தகத்தை அப்படிப் போடுவதற்குக் கல்வியின் பெயரைச் சொல்ல வேண்டாம்.

ஜெராக்ஸ் காலத்தில் இந்த உரிமை ஏழை மாணவர் கைக்கு எட்டியது. நூலகத்தில் ஒரு படி இருந்தால் போதும். மின்நூலில் கதை வேறு. அதைக் கல்லூரி வாங்குவதில்லை, உரிமம் பெறுகிறது. ஒரே நேரத்தில் எத்தனை பேர் திறக்கலாம், எத்தனை பக்கம் அச்செடுக்கலாம், வளாகத்துக்கு வெளியே படிக்கலாமா என்பதையெல்லாம் ஒப்பந்தம் தீர்மானிக்கிறது. தேர்வுக்கு முந்தைய வாரம் வகுப்பு முழுவதும் ஒரே நூலைத் திறக்கும்போதுதான் அந்த ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பது நமக்குத் தெரியவருகிறது. சந்தா நின்றால் அலமாரியே காலி. டிஜிட்டல் பூட்டைப் பற்றிய 65ஏ பிரிவு 2012 திருத்தத்தில் வந்தது. சட்டம் தடைசெய்யாத நோக்கத்துக்காகப் பூட்டைக் கடப்பதை அது குற்றமாக்கவில்லை; இன்னொருவருக்காக அதைச் செய்துகொடுப்பவர் அவருடைய விவரங்களைக் குறித்துவைக்க வேண்டும் என்கிறது. கையில் சாவி இல்லாத நூலகருக்கு இதனால் என்ன பயன் என்பது வேறு விஷயம்.

மத்திய அரசின் 'ஒரு நாடு ஒரு சந்தா' திட்டத்தை இந்த இடத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். 2025 முதல் மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 ஆய்விதழ்கள். 6,300க்கும் மேற்பட்ட அரசுக் கல்வி, ஆய்வு நிறுவனங்கள். மாநிலத்தின் ஒரு மூலையில் உள்ள அரசுக் கலைக் கல்லூரிக்கும் பெரிய ஆய்வு நிறுவனத்துக்கும் ஒரே இதழ் கிடைப்பது சின்ன விஷயமல்ல, மறுக்கவில்லை. ஆனால் இது வீட்டு வாடகை மாதிரி: மூன்று ஆண்டு கட்டினாலும் ஒரு செங்கல் நமதாகாது. தனியார் சுயநிதிக் கல்லூரி மாணவர்களுக்கு முதல் கட்டத்தில் கதவு திறக்கவில்லை. தமிழ்நாட்டில் பொறியியல் படிப்போரில் பெரும்பாலோர் அந்தப் பக்கம்தான் இருக்கிறார்கள்.

பார்வைக் குறைபாடுள்ள மாணவர்களைப் பொறுத்தவரை சட்டம் இன்னும் தாராளம். 2012 திருத்தத்தின்படி, அவர்கள் படிக்கத்தக்க வடிவுக்கு ஒரு நூலை மாற்ற யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை, லாப நோக்கு இருக்கக் கூடாது, அவ்வளவுதான். இதே நோக்கத்துக்கான மராகேஷ் உடன்படிக்கையை 2014இல் உலகிலேயே முதலில் உறுதிப்படுத்திய நாடு இந்தியா. அத்தனையும் இருந்தும் மாணவர் கைக்கு வருவது என்ன? பாமினியிலோ வானவில்லிலோ தட்டச்சு செய்து பி.டி.எஃப். ஆக்கிய பாடக்குறிப்பு. நம் கண்ணுக்கு அது அழகான தமிழ். திரைவாசிப்பானுக்கு அது பொருளற்ற ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான். ஒரு வரியை நகலெடுத்து வேறொரு கோப்பில் ஒட்டிப் பாருங்கள், புரியும். யூனிகோடை அரசு தரமாக ஏற்று ஒன்றரைப் பத்தாண்டுக்கு மேலாகிறது. இந்தத் தடையைப் போட்டது எந்த வெளிநாட்டுப் பதிப்பகமும் அல்ல. நம் அலுவலகக் கணினியில் இருக்கும் பழைய எழுத்துரு.

கருவி, இணையம் பற்றித் தனியே எழுத நிறைய இருக்கிறது. இங்கே ஒன்று மட்டும். 2011இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டமும், 2018 முதல் வந்த பாடநூல்களில் உள்ள கியூஆர் குறியீடும், 2019இல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியும் ஒரே பிள்ளையைத்தான் தேடி வந்தன. அப்பாவின் போன் இரவு எட்டு மணிக்கு மேல்தான் அந்தப் பிள்ளை கைக்கு வரும். இறக்கி வைத்துக்கொள்ள முடியாத, பிரித்து அனுப்ப முடியாத பாடம் அங்கே போய்ச் சேராது. நகலெடுக்கும் உரிமையும் எட்டும் வசதியும் ஒன்றோடொன்று பின்னிக்கிடப்பது இதனால்தான்.

இனி நம் சொந்தச் சரக்கு. ஆசிரியர்கள் தயாரிக்கும் பயிற்சித்தாள், காணொளி, வினாவங்கி ஆகியவை யாருடையவை? வேறு உடன்பாடு இல்லாதபோது, பணியின் பகுதியாகச் செய்த படைப்பின் முதல் உரிமையாளர் நிர்வாகமே. அரசின் பணிப்பில் செய்தது என்றால் அரசு. மக்கள் வரிப்பணத்தில் சம்பளம் வாங்கும் ஒருவர் எழுதிய பாடக்குறிப்பை, அடுத்த மாவட்டத்து ஆசிரியர் திருத்திப் பயன்படுத்தலாமா என்பதற்குப் பெரும்பாலான கோப்புகளில் பதிலே இல்லை. இதற்கு வெளிநாட்டு முன்னுதாரணம் தேட வேண்டியதில்லை. 1949இல் ஓமந்தூரார் அரசு பாரதியின் படைப்புரிமையை வாங்கியது. பின்னர் அவை மக்களுக்குப் பொதுவாயின. அதன்பின் எத்தனையோ எழுத்தாளர்களின் நூல்களை, குடும்பத்துக்குப் பரிவுத்தொகை கொடுத்து நாட்டுடைமை ஆக்கிய மாநிலம் இது. படைத்தவருக்குப் பணம், படிப்பவருக்கு உரிமை என்ற அந்த ஏற்பாட்டை டிஜிட்டல் பாடங்களுக்கு நீட்டிக்க ஒரு அரசாணை போதும். மத்திய அரசின் திறந்தநிலைக் கல்வி வளக் களஞ்சியம் 2013இலேயே கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தோடுதான் தொடங்கியது.

அரசாணை வரும்போது வரட்டும். இந்தப் பத்திரிகையில் வரும் நம் பயிற்சித்தாள் பக்கங்கள் அடுத்த இதழ் முதல், பெயர் குறிப்பிட்டு யாரும் எடுத்துத் திருத்திப் பகிரலாம் என்ற உரிமத்தோடு வெளியாகும். அனுப்புகிறவர்கள் நிர்வாகத்திடம் இசைவு பெற்றுவிட்டீர்களா, படங்களை எங்கிருந்து எடுத்தீர்கள் என்று இரண்டு வரி எழுதி இணையுங்கள். யூனிகோடில் இல்லாத கோப்புகளைத் திருப்பி அனுப்பிவிடுவோம், கோபித்துக்கொள்ள வேண்டாம்.