எண்ணைச் சொல்ல ஏன் தயக்கம்?

"தோட்டத்துச் சனங்களுக்கு இதெல்லாம் விளங்காது" என்கின்றனர் சிலர். விளங்காதாம்! தராசு முள் அரைக் கிலோ பிசகினாலும் கண்டுபிடித்துக் கேட்கும் கொழுந்துக்காரிக்கு இரண்டு எண்கள் விளங்காவாம்!

ஹட்டனிலும் நுவரெலியாவிலும் "உனக்குப் பிரஷர், குளிசையைப் போடு" என்று அனுப்பிவிடும் படித்த பெருமக்களை நாம் கேட்கிறோம்: எவ்வளவு என்று சொன்னீர்களா? இதயம் சுருங்கி இரத்தத்தைத் தள்ளும்போதுள்ள அழுத்தம் மேல் எண். அது தளரும்போதுள்ளது கீழ் எண். 120/80-க்குக் கீழ் நலம். வெவ்வேறு நாட்களில் அளந்தும் 140/90-ஐத் தொட்டு நின்றால் நோய். இரண்டில் ஓர் எண் மட்டும் ஏறினாலும் நோயே. இடைப்பட்டது எச்சரிக்கை. இதைச் சொல்லக் கால் மணி வேண்டுமா?

மலையேறி மூச்சிரைக்க வந்தவளை உடனே அளந்தால் எண் ஏறத்தான் செய்யும். ஐந்து நிமிடம் உட்காரவைத்து, கையை நெஞ்சின் உயரத்தில் தாங்கி அளக்க வேண்டும். தலைசுற்றல் இல்லையென்று குளிசையைத் தாமே நிறுத்துவோரும் உளர். இந்நோயோ ஓசையின்றியே மூளையையும் சிறுநீரகத்தையும் தாக்குவது.

உப்பைக் குறை என்று உபதேசம் வேறு! நாளொன்றுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள், என்கிறது உலக சுகாதார நிறுவனம். சரிதான். ஆனால் லயத்துத் தட்டில் கருவாடும் ரொட்டியும் ஆசைக்கா விழுகின்றன? கூலிக்குக் கட்டுப்படியாவது அதுதானே!

2017-இல் டிக்கோயாவில் 150 படுக்கைகளுடன் மருத்துவமனை திறக்கப்பட்டது, மகிழ்ச்சியே. கிளினிக்குக்குப் போகும் நாளில் முழுப்பேர் போடுவார்களா? பிரட்டுக்களத்திலேயே மாதம் ஒருமுறை, கூலி குறையாமல் அளக்கட்டும். எண்ணை அட்டையில் தமிழில் எழுதி அவள் கையிலேயே கொடுக்கட்டும்.