வால்வைத் தொடாத கைகள்

மேட்டூர் என் ஊர். மேற்படிப்புக்காக மைசூர் வந்து ஈராண்டு ஆகிறது. அணைக்கரையில் வளர்ந்தவனுக்கு ஓர் உண்மை சிறுவயதிலேயே தெரியும். கண்ணம்பாடியில் இன்று மதகு திறந்தால் மேட்டூரில் இன்றே மட்டம் உயராது. சில நாள் செல்லும். "இன்னும் வரவில்லையே!" என்று பதறி மேலும் மேலும் திறக்கச் செய்தால், பின்னர் எல்லாம் ஒருசேர வந்து நிற்கும். இரசாயன ஆலையைக் கட்டுப்படுத்துவதும் பெரும்பாலும் இந்தத் தாமதத்தோடு நடத்தும் போராட்டந்தான்.

இதை நமக்கு எப்படிக் கற்பிக்கிறார்கள்? இளங்கலையில் எங்களுக்கு வாய்த்தது ஒரே ஒரு வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி. கல்லூரியின் பெயர் எதற்கு? நாற்பது பேரில் ஒருவன் திருகுவான். இருவர் எட்டிப் பார்ப்பர். ஏனையோர் சென்ற ஆண்டு நோட்டைப் பார்த்து எழுதுவர். நான் எழுதியவர் கூட்டம். சீக்லரும் நிக்கல்சும் 1942-இல் வகுத்த விதிகளை நன்றாகவே ஒப்பித்தேன். வால்வை ஒருமுறையும் தொட்டதில்லை.

இன்று இந்த அவலம் வேண்டுவதில்லை, நண்பர்களே! டி.டபிள்யூ.சிம் என்னும் மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. கொதிகலனும் வடிகோபுரமும் கணிப்பொறிக்குள்ளேயே இயங்கும். சைலாப் என்பது மற்றொன்று. அதில் கட்டுப்படுத்தியை நாமே எழுதலாம். பம்பாய் ஐ.ஐ.டி.யின் ஃபாசி திட்டத்தார் இரண்டையும் நாடெங்கும் பரப்பி வருகின்றனர். இவற்றைப் பிணைத்துவிட்டால், ஒன்று "வெப்பம் இவ்வளவு" என்று சொல்லும். மற்றது "வால்வை இவ்வளவு திற" என்று விடையிறுக்கும். விடை சற்றே பிந்தினாலும் வெப்பநிலை ஊசலாடத் தொடங்கும். அந்த ஊசலாட்டத்தைக் கண்ணால் கண்ட இரவில்தான், ஒப்பித்த விதிகளின் பொருள் எனக்கு விளங்கிற்று.

"பொய்க்கால் குதிரையில் பழகியவன் போருக்குப் போவதா?" என்று நகைப்பர் சிலர். அவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. உண்மை வால்வு துருப்பிடிக்கும். அளவுகருவி பொய் சொல்லும். ஆனால் அந்தப் பொய்யையும் கணிப்பொறிக்குள் புகுத்தலாம் அன்றோ? அமெரிக்காவின் டெக்சாஸ் சிட்டி எண்ணெய் ஆலையில் 2005 மார்ச் 23 அன்று, கோபுரத்துக்குள் திரவம் ஏறிக்கொண்டிருக்கக் கருவியோ இறங்குவதாகக் காட்டிற்று. வெளியேறும் வழி மணிக்கணக்கில் மூடிக் கிடந்தது. பதினைவர் மாண்டனர். இத்தகைய நிலைகளுக்குப் பழக்கும் போலி ஆலை அங்கு இல்லை என்பதை ஆய்வுக் குழு குறையாகவே எழுதிற்று. உண்மைக் கோபுரத்தை நிரம்பி வழியவிட்டு எவரும் பாடம் நடத்த முடியாது!

எனக்கும் ஓர் அச்சம் உண்டு. யாரோ கட்டித் தந்த மாதிரியில் பொத்தானை மட்டும் அழுத்திவிட்டு மதிப்பெண் வாங்கினால், அது பழைய நோட்டைப் பார்த்து எழுதுவதற்கு ஒப்பு. வெப்பச் சமன்பாட்டை முதலில் தாளில் எழுத வேண்டும், பிறகே கணிப்பொறி. உண்மைக் கருவியையும் விட்டுவிடக் கூடாது. ஒரு பலகையில் சிறு சூடேற்றியும் விசிறியும் வைத்து, தொலைவிலுள்ள மாணவர் இணையத்தின் வழியே இயக்கும்படி அதே ஐ.ஐ.டி.யில் செய்து காட்டினர். அத்தகைய பலகை ஒன்றை நம் துறையிலேயே செய்யலாம். பெருஞ்செலவு ஆகாது.

என் கணிப்பொறியில் இரண்டையும் பிணைத்து வைத்திருக்கிறேன். சனிக்கிழமை மாலை சங்க அறைக்குக் கொண்டுவருகிறேன். தமிழ் இலக்கிய மாணவரும் வரலாம். தொட்டியை வழியவிடுவதற்குச் சமன்பாடு தெரிய வேண்டியதில்லை.